நடுவில் விழுந்த குழி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒருத்தரை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கமே விட்டுப்போய்விட்டது. மழை வருமா என்று வானத்தைப் பார்க்க மாட்டான், போனைப் பார்ப்பான். போன வாரம் ஒருத்தன் அத்திப்பள்ளி என்று எழுதின போர்டுக்குக் கீழேயே வண்டியை நிறுத்திக்கொண்டு அத்திப்பள்ளிக்கு வழி எது என்று போனிடம் கேட்கிறான். பக்கத்தில் நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என்னைக் கேட்டால் குறைந்தா போய்விடுவான்? அந்தப் போன் அவனைப் பாலத்துக்கு மேலே ஏற்றி எங்கேயோ கொண்டுபோய்விட்டது. நன்றாக வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு ஓவன் வந்த பிறகு இந்தத் தொல்லை இன்னும் ஜாஸ்தி. ஓவன் என்றால் கரண்டு அடுப்பு. பெட்டி மாதிரி இருக்கும். முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே மேலேயும் கீழேயும் கம்பி. ஸ்விட்சைப் போட்டால் கம்பி சிவக்கும். என் மகன் ஹரீஷ்குமார், கூட வேலை செய்தவன் ஊரை விட்டுப் போகும்போது விற்றான் என்று வாங்கி வந்தான். ஒருத்தன் வேண்டாம் என்று விட்டுப் போவதை நாம் எதற்கு வாங்க வேண்டும் என்று நான் கேட்டேன்.

வாங்கியது மருமகளுக்காக. பொற்கொடி மானாமதுரைப் பக்கத்துப் பெண். ஓசூருக்கு ஒயர் கம்பெனி வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவளை இவன் பார்த்து, அவளும் இவனைப் பார்த்து, கல்யாணம் முடிந்தது. நாங்கள் ஜூஜுவாடிக்காரர்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், ஆபீசுக்குப் போனால் தமிழ். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெங்களூர் ராஜ்ஜியம். இவளுக்குத் தமிழைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறாது. அவள் பேசுகிற தமிழும் ‘வந்தாக, போனாக’ என்று ஒரு தினுசாக இருக்கும். என் வீட்டுக்காரி செல்வம்மாள் தெலுங்கில் பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். உப்பு எடுத்து வா என்றால் துடைப்பத்தோடு வந்து நிற்பாள்.

கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே ஒயரைச் சொருகுகிற வேலை. கால் வீங்கிப்போய், ஆறு மாசத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். நின்றவள் சும்மா இருக்கவில்லை. குக்கரில் மணலைக் கொட்டி, அதற்கு நடுவில் டப்பாவை வைத்துக் கேக் செய்தாள். முட்டை போட்ட கேக். தெருவில் சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். சும்மா கிடைத்ததை எவன் நன்றாக இல்லை என்பான்?

அப்புறம்தான் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆள் பத்தவில்லையாம், திங்கட்கிழமை வந்தால் பழைய இடத்திலேயே எடுத்துக்கொள்வார்களாம், விட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அதே வாரத்தில் ஸ்வாதி என்கிற பெண் ஒரு கேக்கும் கேட்டாள். கம்பெனியில் பொற்கொடிக்கு மேலே இருந்தவள். அவளுடைய குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் பிறந்தநாள். அவள் மாமியார் முட்டை தொட மாட்டார், அதனால் முட்டை போடாத கேக் வேண்டும். நன்றாக வந்தால் அவள் குடியிருக்கிற அடுக்குமாடியில் எல்லாரிடமும் சொல்வதாகப் பேச்சு.

ஹரீஷ் சுருக்கமாகச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கேக் சரியாக வந்தால் இதையே செய். வராவிட்டால் திங்கட்கிழமை பஸ் ஏறு. அவள் சரி என்றாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது, என்னிடமா குழாயிடமா தெரியாது, ஒன்று சொன்னாள்.

“அங்கன நான் நின்ன இடத்துல இப்ப வேற ஒருத்தி நிக்கிறா மாமா. அந்த ஒயரப் பாத்தா நான் சொருகுனதா அவ சொருகுனதான்னு எனக்கே தெரியாது. கேக்குன்னா, இது பொற்கொடி செஞ்சதுன்னு சொல்லுவாகல்ல.”

யார் செய்தது என்று கேட்டுவிட்டா கேக் சாப்பிடுகிறார்கள்?

முட்டை இல்லாத கேக் செய்ய அவளுக்குத் தெரியாது. போனில் ஆயிரம் பேர் ஆயிரம் விதம் சொல்கிறார்கள், அது வேண்டாம், தெரிந்தவரைக் கேட்கலாம் என்று மாடிக்குப் போனாள். அந்த ஒரு விஷயத்தில் அவளை மெச்சினேன். மாடியில் எங்களிடம் குடியிருக்கிறவள் நாராயணம்மா. அத்திப்பள்ளியில் பேக்கரி வைத்திருந்த குடும்பம். ரோடு அகலமானபோது கடை போயிற்று. அவளுக்குக் கன்னடம்தான், தமிழ் அரைகுறை. பொற்கொடிக்குத் தமிழ்தான். இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசி, மைதா இவ்வளவு, தயிர் இவ்வளவு, எண்ணெய், சர்க்கரை, ஆப்பச் சோடா இவ்வளவு என்று பொற்கொடி கேட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றையும் எழுதவில்லை. மனசிலேயே வைத்துக்கொண்டாள்.

முதல் கேக் புதன்கிழமை. வாசனை தெரு முனை வரைக்கும் போயிற்று. ஓவனிலிருந்து எடுத்தால், ஓரமெல்லாம் நிற்கிறது, நடுவில் குழி. எருமை படுத்து எழுந்த சேறு மாதிரி. மேலே கறுப்பாகச் சிவந்து கிடந்தது. வாயில் வைத்தால் கசப்பும் சோப்பு வாடையும்.

இதற்கு முன்னால் குக்கரில் செய்தது எதுவும் இப்படி விழவில்லை. ஆக, குற்றம் ஓவன் மேல்தான் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். நானும்தான். நான் வாங்கும்போதே சொன்னேன்.

ஹரீஷ் ஷிப்ட் முடிந்து வந்தான். அவன் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் ‘வொய் வொய்’ போடுவார்கள். ஏன் என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் அதற்கும் ஏன். அப்படி ஐந்து தடவை கேட்டால் அடியில் இருக்கிற காரணம் கையில் வந்துவிடுமாம். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தான். கேக் ஏன் விழுந்தது? உள்ளே வேகவில்லை. ஏன் வேகவில்லை? சூடு பத்தவில்லை. ஏன் பத்தவில்லை? சூடு வெளியே போனது. ஏன் போனது? கதவு திறந்தது. ஏன் திறந்தது?

ஐந்தாவது ஏனுக்கு நேராக ‘அப்பா’ என்று எழுதினான்.

“நாயனா, நீ கதவத் தொறந்தியா இல்லியா?”

“தொறந்தேன். வேகுதா இல்லையான்னு பாக்க வேண்டாமா?”

“கண்ணாடி எதுக்கு இருக்குது?”

“கண்ணாடி வழியா வாசனை வருமாடா?”

களி கிண்டுகிற சட்டியை மூடி வைத்துவிட்டு எட்டி நின்றா பார்ப்போம்? அடுப்பில் இருப்பதைத் திறந்து பார்க்கிறது மனுஷ வழக்கம். ஒரு விரல் சந்து திறந்ததற்குக் கேக் விழுமென்றால் அது என்ன கேக்? இதை நான் சொன்னதும் பொற்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதோடு ஓவன் பக்கத்தில் போகக் கூடாது என்று எனக்குத் தடை.

வியாழக்கிழமை ஹரீஷ் கம்பெனியிலிருந்து சூடு பார்க்கிற துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கி வந்தான். சுடுமோ என்று பார்த்தேன், சிவப்புப் புள்ளி மட்டும்தான் விழுந்தது. ஓவனுக்குள்ளே மூலைக்கு மூலை காட்டிப் பார்த்து, சூடு சரியாகத்தான் இருக்கிறது என்றான். முன்கூட்டியே காயவைத்து, கதவைத் தொடாமல் கேக் செய்தார்கள். மறுபடியும் குழி. மறுபடியும் சோப்பு வாடை.

வாடையால் வீட்டில் ஒரு சண்டை வந்தது. டப்பாவைக் கழுவினது செல்வம்மாள். சோப்பைச் சரியாக அலசவில்லை என்று ஹரீஷ் சொல்லிவிட்டான். பாத்திரம் கழுவத் தெரியாதவள் என்று சொன்னால் எவள் பொறுப்பாள்? அவள் டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, இப்போது மோந்து பாருங்கள் என்று ஒவ்வொருத்தர் மூக்கிலும் வைத்தாள். வாடை இல்லை. அப்படியென்றால் திருஷ்டிதான் என்று அவளாகவே முடிவு செய்து, எலுமிச்சம்பழமும் காய்ந்த மிளகாயும் கோர்த்து ஓவனின் கைப்பிடியில் கட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்விட்சைப் போட்டதும் அந்த மிளகாய் வறுபட ஆரம்பித்து, வீடு முழுக்கத் தும்மல். மாடியிலிருந்து நாராயணம்மாவும் தும்மினாள்.

விழுந்த கேக்கை மாட்டுக்குக் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் மாடு எதையும் விடாது. தேர்தல் போஸ்டரைச் சுவரிலிருந்து உரித்துத் தின்கிற மாடு. கேக்கை மோந்தது, ஒரு நக்கு நக்கியது, தலையை உதறிக்கொண்டு திரும்பிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு உறுத்தியது. கதவைத் திறந்ததால் கேக் விழலாம், சரி. கதவைத் திறந்ததால் மாடு தின்னாமல் போகுமா? இதில் வேறு என்னவோ இருக்கிறது. என் பேரைக் காலண்டர் தாளில் எழுதிவிட்டு வேறு எவனோ தப்பித்துக்கொண்டான்.

சாயந்திரம் அவள் இன்னொரு கேக் வைத்தபோது நான் நாற்காலியை இழுத்துப்போட்டு ஓவனுக்கு நேரே உட்கார்ந்தேன். கையை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்துக்கொண்டேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

சும்மா சொல்லக் கூடாது, பார்க்கப் பார்க்க அதில் ஒரு இது இருந்தது. முதலில் மாவு எண்ணெய் பூசின மாதிரிப் பளபளவென்று கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஓரம் மங்கியது. ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழி வந்து உடைந்தது. அப்புறம் ஒரே மூச்சாக எழும்பியது பாருங்கள். பால் பொங்குகிற மாதிரி. டப்பாவின் விளிம்பைத் தாண்டி, நடு முட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். பொற்கொடியைக் கூப்பிட்டேன். அவள் வந்து என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடு அடங்கியது. ட்யூப்பில் காற்று இறங்குகிற மாதிரி, மெதுவாக, சத்தமில்லாமல். கதவு மூடியபடியே இருந்தது. என் கை தொடைக்கு அடியில் இருந்தது. ஒருத்தரும் ஒன்றையும் தொடவில்லை.

“பாத்தியாம்மா. இப்ப எவன் தொறந்தான்?” என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மிளகாய்க் காரம் என்றாள். மிளகாயைக் காலையிலேயே அவிழ்த்தாயிற்று. அப்புறம் உள்ளே போய் அலமாரியிலிருந்து கம்பெனி சட்டையை எடுத்து உதறி, இஸ்திரி போடத் தனியாக வைத்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

யோசித்தேன். ஓவன் இல்லை, கதவு இல்லை, டப்பா இல்லை. மீதி இருப்பது சொல்லிக்கொடுத்தவள்தான். குக்கரில் இவளாகச் செய்தது விழவில்லை. அவள் சொன்னபடி செய்தது மட்டும் விழுகிறது. பேக்கரி வைத்திருந்தவள், தன் கைப்பக்குவத்தை வீட்டு ஓனர் மருமகளுக்கு முழுசாகச் சொல்லிவிடுவாளா? அதுவும் ஒரு டம்ளர் காப்பிகூட வாங்காமல், கேட்டதும் சொன்னாளாம். சும்மா கொடுக்கிறவர்களை நான் நம்பினதே கிடையாது. குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டை ரொம்பப் புகழ்கிறவன்கூடப் பரவாயில்லை, விலையைத் தானாகக் குறைக்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை நேராக மாடி ஏறினேன். நாராயணம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாங்க யஜமான்ரே என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. கேக்குக்கு என்னென்ன போடச் சொன்னாய் என்று கன்னடத்தில் கேட்டேன். முறைப்பாகத்தான் கேட்டேன். அவள் முகம் மாறாமல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மைதா, தயிர், சர்க்கரை எல்லாம் பொற்கொடி போட்ட அளவுதான். சோடா எவ்வளவு என்றேன்.

“ஒந்த் காலு ஸ்பூன். அஷ்டே,” என்றாள். அவ்வளவுதான் என்று அர்த்தம்.

கால் ஸ்பூன். என் மருமகள் டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் தலைதட்டிப் போட்டு, அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாராயணம்மா மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். அங்கே எதுவும் கேட்கவில்லை. முதலில் இங்கே உறுதி செய்துகொள்ளலாம் என்று இறங்கி வந்தேன். பின்னாலேயே அவள், காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். வேண்டாம் என்றேன்.

கீழே பொற்கொடியும் ஹரீஷும் இருந்தார்கள். அவன், பேக்கரியில் ஒரு கேக்கை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சை முடி என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

“ஏம்மா, சோடா நீ எவ்ளோ போடற?” என்றேன்.

“ஒன்னேகால் ஸ்பூன் மாமா. அவுக சொன்ன அளவு.”

“அப்பிடிப் போடு. எங்கிட்ட கால் ஸ்பூன்னு சொல்றா. உங்கிட்ட ஒன்னேகால்னு சொல்லியிருக்கறா. ஆளுக்கு ஒரு அளவு. நான் சொன்னேனா இல்லையா, அவ வேணும்னே பண்ணியிருக்கறா.”

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“மாமா, அவுக என்ன வார்த்தை சொன்னாக? நீங்களா மாத்தாம அப்பிடியே சொல்லுங்க.”

“ஒந்த் காலு ஸ்பூன்.”

“இதேதான் மாமா. எங்கிட்டயும் இதேதான் சொன்னாக. ஒந்த்னா ஒன்னு. காலுன்னா கால். ஒன்னேகால்.”

ஹரீஷ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கன்னடத்தில் ஒன்றேகால் என்றால் ‘ஒந்தூகாலு’ என்று நடுவில் ஒரு இழுப்பு இருக்கும். இழுக்காமல் ‘ஒந்த் காலு’ என்றால் ஒரு கால் பங்கு. கால் ஸ்பூன்தான். இங்கே பிறந்த நாய்க்குட்டிக்குக்கூட அந்த வித்தியாசம் தெரியும். எனக்குக் காதில் விழும்போதே கால் என்றுதான் விழுந்தது, ஒந்த் என்று ஒன்று இருந்ததே கவனத்தில் இல்லை. மானாமதுரைக்காரிக்கு அந்த ஒந்த்தான் முதலில் கேட்டிருக்கிறது. நான் இரண்டையும் சொல்லிக் காட்டினேன். இழுத்து ஒரு தடவை, இழுக்காமல் ஒரு தடவை.

“எனக்கு ரெண்டும் ஒன்னாத்தேன் மாமா கேக்குது,” என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஹரீஷும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சமாதானம் ஆன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. மாடிக்காரி வேண்டுமென்றே சொன்னாளா, சொல்லும்போது இழுத்தாளா, யார் கண்டது? இழுத்துச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் வெட்டிச் சொல்லியிருக்கலாம். அது போகட்டும், சோடா எதற்குப் போடுகிறார்கள்? கேக் எழும்பத்தானே? கொஞ்சம் போட்டால் கொஞ்சம் எழும்பும், ஜாஸ்தி போட்டால் ஜாஸ்தி எழும்ப வேண்டும். ஜாஸ்தி போட்டதால் விழுந்தது என்றால் எப்படி ஒத்துக்கொள்வது?

இதைக் கேட்டதும் செல்வம்மாள் அடுப்படியிலிருந்து, போன வருஷம் யூரியாவை அள்ளிக் கொட்டினாயே, ராகி ஆள் உயரம் எழும்பி அப்படியே படுக்கவில்லையா என்றாள். அது வேறு, இது வேறு என்றேன்.

தயிரும் மைதாவும் இன்னும் ஒரு கேக்குக்குத்தான் மீதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே தடவை. மத்தியானம் ஸ்வாதி வந்துவிடுவாள். கேக் சரியாக வந்தால் வந்தது, வராவிட்டால் பேக்கரி கேக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு மறுநாள் பஸ் ஏற வேண்டியது. ஹரீஷ் அப்போதும் கடையில் ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்றான். நான், கால் ஸ்பூனையும் நம்பாதே, ஒன்றேகாலையும் நம்பாதே, நடுவாகப் போடு என்றேன். இரண்டில் ஒன்று பொய்யாக இருந்தாலும் பாதி நஷ்டத்தோடு போகும்.

பொற்கொடி மாடி ஏறிப்போனாள். கொஞ்ச நேரம் மேலே ஒரே சிரிப்புச் சத்தம். இறங்கி வரும்போது அவள் கையில் ஒரு சின்ன அலுமினிய ஸ்பூன் இருந்தது. அவர்கள் பேக்கரியில் இருந்ததாம், முழுசாக மொண்டாலே கால் ஸ்பூன்தானாம். பின்னாலேயே நாராயணம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

நான் விடவில்லை. கால் ஸ்பூனுக்கு காலு என்று சொன்னால் போதுமே, முன்னால் ஒந்த் எதற்குப் போட்டாய் என்றேன். அவள் கன்னடத்தில் திருப்பிக் கேட்டாள்.

“யஜமான்ரே, நீங்க ‘ஒரு’ வாய் காப்பி குடுன்னு கேக்கறீங்களே, எண்ணியா கேக்கறீங்க?”

சற்று முன்னால் மாடியில் நான் காப்பி வேண்டாம் என்றதற்கும் சேர்த்துத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் முற்றத்துப் பக்கம் பார்த்தேன்.

மறுநாள் காலையில் பொற்கொடி அந்த அலுமினிய ஸ்பூனால் ஒரே ஒரு தடவை மொண்டு, விரலால் தலைதட்டிப் போட்டாள். நடுவாகவும் போடவில்லை, என்னைக் கேட்கவும் இல்லை. ஓவனுக்குள் வைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை அவளும் தரையில் உட்கார்ந்தாள். நாராயணம்மாவும் உட்கார்ந்தாள். செல்வம்மாள் நின்றாள். சினிமா பார்க்கிற மாதிரி.

மாவு பளபளவென்று கிடந்தது. ஓரம் மங்கியது. அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. முன்னால் இந்நேரத்துக்குக் குமிழி விட்டுப் பொங்கியிருக்கும். இது படுத்தே கிடந்தது. பொற்கொடி நாராயணம்மாவைப் பார்த்தாள். நாராயணம்மா கையைக் காட்டி, இரு என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“எழும்பலியே. நான் நடுவாப் போடச் சொன்னேன்.”

“மாமா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க,” என்றாள் பொற்கொடி. கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னிடம் அப்படிப் பேசினதில்லை. நான் மூடிக்கொண்டேன்.

பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது, கண்ணை மூடித் திறந்தால் தெரியும், அவ்வளவு மெதுவாக ஏறியது. ஓரமும் நடுவும் ஒன்றாக ஏறியது. டப்பா விளிம்புக்கு வந்தது, கொஞ்சம் மேலே போனது, நின்றது. விழும் விழும் என்று பார்த்தேன். நிறம் மாறியது, பொன் மாதிரி வந்தது. வாசனையில் கசப்பு இல்லை. அவள் கதவைத் திறந்து, துடைப்பக் குச்சி ஒன்றைக் கழுவி வைத்திருந்தாள், அதை நடுவில் குத்தி எடுத்தாள். குச்சியில் ஒன்றும் ஒட்டவில்லை. வெளியே எடுத்து மேடை மேல் வைத்தாள். ஆறினது. அப்போதும் விழவில்லை.

பொற்கொடி அதன் நடுவில் ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தினாள். அழுத்தின இடம் திரும்பி மேலே வந்தது. அவள் இன்னொரு தடவை அழுத்தினாள். அதுவும் வந்தது.

மேலே மேடாக இருந்த பகுதியை மட்டமாக நறுக்கி எடுத்துவிட்டு, கிரீம் பூசி, குழந்தை பேரை எழுதி, பெட்டியில் வைத்தாள். ஸ்வாதி காரில் வந்து வாங்கிப் போனாள். கேக் நன்றாக இருந்ததா என்று சொல்ல யாராவது வந்தார்களா? வரவில்லை. ராத்திரி போனில் ஒரு சிவப்பு இருதயம் வந்தது. அதற்குப் பின்னால் யார் யாரோ, முட்டை இல்லாதது வேண்டும், எப்போது கிடைக்கும் என்று கேட்டு அனுப்பினார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒருத்தியும் போனில்தான் கேட்டாள். நடந்து வந்தால் நாலு வீடு.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ் முனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை அடித்தது. இஸ்திரி போட்ட சட்டை கொடியிலேயே மடிப்புக் கலையாமல் தொங்கியது. உள்ளே கிண்ணத்தில் கரண்டி சுற்றுகிற சத்தம் நிற்கவே இல்லை. பஸ் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுப் போய்விட்டது. ஹரீஷ் காலண்டர் தாளை எடுத்து, ஐந்தாவது ஏனுக்கு நேரே இருந்த ‘அப்பா’வை அடித்துவிட்டு ‘ஒந்த்’ என்று எழுதினான். எனக்குக் காட்டிச் சிரித்தான். அடித்தாலும் என் பேர் அடியில் தெரியத்தான் செய்தது.

நறுக்கின மேட்டுத் துண்டு தட்டில் மூடியிருந்தது. எடுத்துக்கொண்டு மாட்டிடம் போனேன். வாயில் கொஞ்சம் போட்டேன், போகிற வழியில். சோப்பு வாடை இல்லை. மீதியை மாட்டின் முன்னால் வைத்தேன். மோந்துகூடப் பார்க்கவில்லை, ஒரே வாயில் எடுத்துக்கொண்டு, தட்டையும் நக்கி, என் கையையும் நக்கியது.

மாடியிலிருந்து நாராயணம்மா எட்டிப் பார்த்து, மாடு என்ன சொல்கிறது யஜமான்ரே என்றாள்.

பசியாக இருந்திருக்கும் என்றேன். ராத்திரி தீவனம் கொஞ்சம் குறைச்சலாகத்தான் வைத்தேன். ஒரு தடவை எழும்பினது மறு தடவையும் எழும்பும் என்று என்ன நிச்சயம்? கால் ஸ்பூன் சோடா ஒரு பெண்ணைப் பஸ் ஏறாமல் நிறுத்தும் என்று சொன்னால் எவன் நம்புவான்? நாராயணம்மா இழுத்தாளா இழுக்கவில்லையா என்பதும் எனக்கு இன்னும் தெளியவில்லை. மாட்டை அவிழ்த்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் மிஞ்சியிருக்கிற நிலத்தைப் பார்க்க நடந்தேன். பின்னால் ஓவன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.